சத்தமில்லாத சனிக்கிழமை

அம்மா ஒரு காலில் ஷூவோடு தூங்கிப்போயிருந்தார். கழற்றிய இன்னொரு ஷூ கையிலேயே இருந்தது.

ரோண்டா கோவாலிக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்தாள். பத்து வயதுப் பெண். அவளுக்கும் தூக்கம் கலைந்தபாடில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து ஏழரைக்கு வீடு வரும் அம்மா, நேராகப் படுக்கையறைக்குப் போய்விடுவார். இன்று சோபாவைத் தாண்டுவதற்குக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது.

சோபா கூடத்தில் இருந்தது. டிவியும் அதே கூடத்தில்தான் இருந்தது. அன்று சனிக்கிழமை. மணி எட்டாக ஏழு நிமிடம். வம்பே அங்குதான்.

அது 1986. ஓஹையோவில், யங்ஸ்டவுன் நகரத்தில், குழந்தைகள் வாரம் முழுவதும் காத்துக் கிடந்தது சனிக்கிழமை காலைக்காகத்தான். அன்றைக்குத்தான் கார்ட்டூன். அன்றைக்குத்தான் பாலில் போட்டுச் சாப்பிடும், சர்க்கரை தடவிய மொறுமொறு சீரியல். எட்டு மணிக்கு விட்டால் விட்டதுதான், திரும்பக் கேட்டால் யாரும் போடமாட்டார்கள்.

எட்டு மணிக்கு வருவது 'ஜாடிக்குள் பேய்'. குண்டு கேப்டன் பக்ஸ்டர், ஒல்லிப்பிச்சான் ஃப்ளிம், பேய் பக்கத்தில் வந்தால் தும்முகிற வாத்து ஒன்று. இந்த மூன்று பேரும் ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய், பேய்களை ஊறுகாய் ஜாடியில் பிடிப்பார்கள். பிடித்த பிறகுதான் மூடியை எங்கே வைத்தோம் என்று தேடுவார்கள். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. ஒவ்வொரு வாரமும் ரோண்டாவின் தம்பி டாபி தரையில் புரண்டு சிரிப்பான். ஆறு வயது. வயிற்றிலிருந்து கிளம்பும் அவன் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கும்.

போன வாரக் கதை பாதியில் நின்றுவிட்டது. பேய்க்குப் பதிலாக வாத்து ஜாடிக்குள் மாட்டிக்கொண்டது. 'மீதி அடுத்த வாரம்' என்று போட்டுவிட்டார்கள். ஏழு நாட்களாக டாபி அந்த வாத்தை நினைத்துச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

ரோண்டா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொடர்ந்து ஐந்து ராத்திரி வேலை. அது போதாதென்று, கூட வேலை செய்யும் யாருக்கோ காய்ச்சல் என்று இன்று மதியமும் வரச் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அம்மா நின்றபடியே கண் அசந்து, சாப்பாட்டுத் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டார். "இன்னொரு தடவை தூங்கினா, வீட்டுலயே தூங்கிக்கோங்க. இங்க வர வேண்டாம்" என்றாராம் மேற்பார்வை அம்மாள். அப்பாவிடம் ஃபோனில் அம்மா சொன்னதை ரோண்டா சமையலறையில் நின்று கேட்டிருந்தாள். இரும்பு ஆலை மூடியதிலிருந்து அப்பா ஹூஸ்டனில் வேலை பார்க்கிறார். அங்கிருந்துகொண்டு அவர் என்ன செய்ய முடியும்?

எழுப்பி உள்ளே போகச் சொல்லலாமா? அது நடக்காது. ஒரு முறை விழித்தால் அம்மாவுக்கு மறுபடி தூக்கம் வராது. "எழுந்தாச்சு, இந்த நாலு பாத்திரத்தைத் தேய்ச்சுடறேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே பதினொரு மணி வரை இந்தக் கூடத்தில் ஒரு ஊசி விழக்கூடாது. ரோண்டாவுக்குச் சோர்வாக இருந்தது. எல்லாச் சனிக்கிழமையும் தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். இன்றைக்காவது யாராவது தன்னைப் பார்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அங்கே வேறு யாரும் இல்லை.

டப் டப் என்று காலடி. டாபி வந்தான். இரவு உடுப்பு, பறட்டைத் தலை, கையில் சீரியல் கிண்ணம். அவன் வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. நேராகப் போய் டிவியின் பொத்தானை வெளியே இழுத்தான்.

ரோண்டாவுக்கு உயிரே போய்விட்டது.

அது மரப்பெட்டிக்குள் இருக்கும் பழைய டிவி. இழுத்தவுடன் எதுவும் வராது. உள்ளே சூடேற வேண்டும். முதலில் உம்மென்று ஒரு முனகல், பிறகு சத்தம், கடைசியில் படம். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே பொத்தான்தான். நேற்று மாலை வீட்டைச் சூடாக்கும் எந்திரம் கடகடத்ததால், டாபி சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருந்தான்.

டிவி 'உம்ம்ம்' என்றது.

ரோண்டா பாய்ந்தாள். காபி மேசையைத் தாண்டி, முட்டி தரையில் தேய, பொத்தானைப் பிடித்து இடப்பக்கம் திருகினாள். "ஜா..." என்று ஒரு எழுத்து மட்டும் வெளியே வந்தது. மீதியை டிவி விழுங்கிக்கொண்டது.

அம்மா புரண்டார். "மூணாம் நம்பர் ரூமுக்குத் தண்ணி வெச்சாச்சு" என்று தூக்கத்திலேயே சொன்னார். மறுபடி மூச்சு சீராக வந்தது.

"ஏன் சத்தத்தைக் குறைச்சே?" டாபியின் குரல் உயரப் பார்த்தது.

ரோண்டா அவன் வாயைப் பொத்தினாள். "அம்மா தூங்குறாங்க பாரு. எழுந்தா அவ்வளவுதான். மத்தியானம் வேலையில தூங்கிட்டாங்கன்னா வேலையே போயிடும்."

டாபி அம்மாவைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. "அப்போ வாத்து?" என்றான் பொத்திய கைக்குள்ளிருந்து.

அழுகை கிளம்ப இன்னும் ஒரு நொடிதான் இருந்தது. ரோண்டாவுக்கும் சேர்ந்து அழலாம் போலத்தான் இருந்தது.

"வாத்து வரும்" என்றாள். "படம் பார்க்கத்தானே போறோம்? பேச்சை நான் பேசுறேன். எல்லாருக்கும். காதுக்குள்ள."

"உனக்குக் கதை தெரியுமா?"

"ஓ, தெரியுமே." அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ஆனா சிரிப்பு வந்தா இந்தத் தலையணையில மூஞ்சியைப் புதைச்சுக்கணும். சம்மதமா?"

டாபி யோசித்தான். "சம்மதம்."

சீரியலைக் கடித்தால் கறுக் மொறுக் என்று கேட்குமே! ரோண்டா அதில் பால் ஊற்றி, நன்றாக ஊறவிட்டுக் கொடுத்தாள். "கஞ்சி மாதிரி இருக்கு" என்று டாபி முகம் சுளித்தான். ஆனாலும் சாப்பிட்டான்.

அப்போது பின்கதவு திறந்தது. மாடி வீட்டு கர்ட். மூன்றாம் வகுப்பு. அவர்கள் வீட்டு டிவி கோடை காலத்திலேயே புகைந்து செத்துவிட்டதால், எல்லாச் சனிக்கிழமையும் இங்கேதான் அவனுக்கு இருக்கை. காலில் பெரிய பனிக்கால பூட்ஸ். ரோண்டா ஓடிப்போய் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"பூட்ஸைக் கழட்டு. வாயை மூடு. இல்லைன்னா வீட்டுக்குப் போ."

"யாராவது செத்துட்டாங்களா?"

"அம்மா தூங்குறாங்க, மக்கு!"

கர்ட் பூட்ஸைக் கழற்றினான். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. மூன்று பேரும் டிவிக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

படத்தில் கேப்டன் பக்ஸ்டர் கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

"ஃப்ளிம்!" என்று கிசுகிசுத்தாள் ரோண்டா, குரலைத் தடித்ததாக்கி. "மூடியை எங்கடா வெச்சே?"

ஃப்ளிம் தலையைச் சொறிந்தான். "நான் அதுலதான் காலைல முட்டை பொரிச்சேன், கேப்டன்."

டாபி தலையணையில் முகத்தைப் புதைத்தான். முதுகு குலுங்கியது.

"இது அவங்க பேசுறதே இல்ல" என்றான் கர்ட்.

"உனக்குக் கேக்குதா?"

"இல்ல."

"அப்போ சும்மா இரு."

விளம்பரம் வந்தது. பற்பசை விளம்பரத்தின் பாட்டு கர்ட்டுக்கு மனப்பாடம். பாவம், அவனுக்கே தெரியாமல் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது. டாபி தன் தலையணையை எடுத்து அவன் முகத்தில் அழுத்தினான்.

மறுபடி கதை. பேய் வந்தது. நெடுநெடுவென்று உயரம், நசுங்கிய தொப்பி, நீளத் தாடை. அது வாயைத் திறந்து திறந்து மூடியது. வழக்கமாக அது பயங்கரமாக ஊளையிடும். ரோண்டா ஊளையிட முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஆவ்வ்... நான் மிரட்ட வரல, கேப்டன். கொட்டாவி விடுறேன்."

கேப்டன் பின்னால் சாய்ந்தார். "கொட்டாவியா? பேய்க்கா?"

"அஞ்சு ராத்திரியா தூக்கமே இல்ல. ராத்திரி பூரா வீடு வீடாப் போய்க் கத்தணும், கதவை ஆட்டணும், சங்கிலியை இழுக்கணும். பகல்ல கொஞ்சம் கண்ணை மூடினா, நீங்க ஜாடியும் கையுமா வந்துடறீங்க."

டாபி சிரிக்கவில்லை. "பேய்க்கும் நைட் டியூட்டியா?" என்று கேட்டான்.

"பின்னே? பேய்க்கு எப்பவுமே நைட் டியூட்டிதான்."

டாபி திரும்பி சோபாவைப் பார்த்தான்.

படத்தில் வாத்து தும்மியது போலிருக்கிறது. ஜாடி உடைந்து, அது வெளியே வந்து விழுந்தது. டாபி சத்தமே வராமல் கை தட்டினான். பேய் அங்குமிங்கும் ஓடியது. பக்ஸ்டரும் ஃப்ளிமும் சேர்ந்து அதை இன்னொரு ஜாடிக்குள் திணித்தார்கள்.

"அடிக்கிறாங்களா?" டாபியின் குரலில் கவலை.

"சேச்சே. தூங்க இடம் குடுக்கிறாங்க. கேப்டன் சொல்றார், 'உள்ள இருட்டா இருக்கு, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நல்லாத் தூங்கு.' பேய் சொல்லுது, 'மூடியை இறுக்கிடாதீங்க, காத்து வேணும். என்னை எழுப்ப மறந்துடாதீங்க.'"

கடைசியில் ஃப்ளிம் ஜாடியை வேனில் வைத்தான். வேன் மெதுவாகப் போனது.

"அவங்க நிஜமா அப்படிப் பேசியிருக்கவே மாட்டாங்க" என்றான் கர்ட். பிறகு தணிந்த குரலில், "ஆனா, அடுத்த கார்ட்டூனுக்கும் பேசு" என்றான்.

அடுத்ததற்கும் பேசினாள். அதற்கடுத்து வந்த முயலுக்கும் பேசினாள். பத்து மணிக்கு வந்த கரடி என்ன சொன்னது என்று அவளுக்கே நினைவில்லை. கரடி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தபோது ரோண்டா தரையில் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே தலையணை, மேலே போர்வை. டிவி அணைந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

பன்னிரண்டே முக்கால்!

பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பியிருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் தன்னாலேயே எல்லாம் கெட்டுவிட்டதே! துள்ளி எழுந்து சோபாவைப் பார்த்தாள். சோபா காலி.

டாபி சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான். விரலை உதட்டில் வைத்தான்.

"அம்மா எங்கே?"

"வேலைக்குப் போயாச்சு" என்றான் கிசுகிசுப்பாக. "நான்தான் எழுப்பினேன். கர்ட் மணி பார்த்துச் சொன்னான். பதினொண்ணுன்னதும் காதுக்குள்ள, 'அம்மா, ஜாடியைத் திறந்தாச்சு, எழுந்திருங்க'ன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"எந்த ஜாடின்னாங்க. கதை பூராச் சொன்னேன். பேய்க்கு நைட் டியூட்டின்னதும் சிரிப்பு வந்துடுச்சு அவங்களுக்கு. நான் தலையணையைக் குடுத்தேன். அதுல மூஞ்சியைப் புதைச்சுட்டுச் சிரிச்சாங்க. ரொம்ப நேரம்."

"என்னை ஏன் எழுப்பல?"

"அம்மா எழுப்பக் கூடாதுன்னாங்க. உனக்குப் போத்திவிட்டது அவங்கதான். அப்புறம் ரெண்டு ஷூவையும் கையில எடுத்துட்டு, வெறுங்காலோட நடந்து போனாங்க. வெளிய, படியில உட்கார்ந்து போட்டுக்கிட்டாங்க. நான் ஜன்னல்ல பார்த்தேன்."

ரோண்டா ஜன்னலைப் பார்த்தாள். படியில் மெல்லிய பனி படிந்திருந்தது. அந்தக் குளிரில் உட்கார்ந்தா ஷூ போட்டார்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே உடம்பெல்லாம் லேசாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கியிருந்தாள்.

டாபி பக்கத்தில் வந்து நின்றான். முகம் சிவந்து, கன்னம் உப்பியிருந்தது.

"ரோண்டா."

"என்னடா?"

"இப்போ எல்லாரும் எழுந்தாச்சுல்ல?"

"எழுந்தாச்சு."

"ஃப்ளிம் ஜாடி மூடியில முட்டை பொரிச்சான்ல, அதுக்கு இப்போ சிரிக்கலாமா?"

"சிரிடா."

டாபி சிரித்தான். எட்டு மணியிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு. அவன் தரையில் விழுந்து புரண்டதில் மேசை மேலிருந்த கிண்ணம் அதிர்ந்தது, ரோண்டாவும் அவன் பக்கத்தில் விழுந்து சிரித்தாள். மாடியிலிருந்து கர்ட் தரையை ஓங்கி மிதித்துக் கத்தினான்: "டேய், எதுக்குடா சிரிக்கிறீங்க? இருங்க, நானும் வர்றேன்!"