சிவப்பு டப்பா காலி

கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, என் கல்யாணம் போச்சு!”

அக்கா பதறவில்லை. கையிலிருந்த மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகை முடுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “உட்காருடா. முதல்ல இருந்து சொல்லு.”

உள்ளே கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த அவள் கணவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். துப்புத் துலக்குவது என்றால் அத்தானுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். துலக்குவது என்னவோ எப்போதும் அக்காதான்.

அந்தக் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் புதிர்தான். இந்த ஞாயிறு கடையில் கூட்டம் என்பதால் அக்காவும் அத்தானும் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. தம்பி தான் விரும்பும் பல் டாக்டரை முதல்முறையாக வீட்டுக்கு அழைத்திருந்தான். மோதிரத்தைச் சும்மா நீட்டியிருக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்வானா?

“மூணு டப்பா, மூணு சீட்டு. சிவப்புல ‘மோதிரம் இங்கே இல்லை’. நீலத்துலயும் ‘இங்கே இல்லை’. பச்சையில ‘சிவப்பில் இல்லை’. காலையிலேயே சாப்பாட்டு மேசையில வச்சுட்டேன். ஒரு டப்பாதான் திறக்கலாம், மோதிரம் இருந்தா கல்யாணம்னு சொன்னேன்.”

“ஒரு சீட்டு மட்டும் பொய். நம்ம வீட்டு விதிதானே?”

“அது பழசுக்கா. டாக்டருக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கட்டுமேன்னு, ஒரு சீட்டு மட்டும்தான் உண்மைன்னு மாத்தினேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போதுதான் சொன்னேன். அவ சட்டுனு சிவப்பைத் திறந்தா. நான் வச்சதும் அதுலதான். ஆனா காலி! அம்மாவும் சின்னக்காவும் வாயடைச்சுப் போனாங்க. டீத் தட்டோட வந்து நின்ன அப்பாதான், ‘பரவாயில்லம்மா, முதல் தடவை தப்பாத்தான் வரும்’னு ஆறுதல் சொன்னார். அவ எழுந்து, ‘விளையாடறதுக்கு நான்தான் கிடைச்சேனா?’ன்னு போயிட்டா. அப்புறம் பார்த்தா மோதிரம் நீலத்துல இருக்கு.”

“சின்னவதான்!” என்று அத்தான் மேசையைத் தட்டினார். “என் செருப்பை ஃப்ரிட்ஜில வச்சவ ஆச்சே!”

“சும்மா இருங்க” என்றாள் அக்கா. பிறகு போனை எடுத்தாள். “டாக்டர், உங்க விடை சரின்னு எல்லார் முன்னாடியும் நிரூபிக்கிறேன். ஒரு அரை மணி நேரம் வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

மாலையில் எல்லாரும் அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கூடினார்கள். டாக்டர் வந்தாள், ஆனால் உட்காரவில்லை. தம்பி அவளை ஏறெடுத்துப் பார்க்கத் துணியாமல் நின்றான். அவள் வாசலைத் தாண்டினால் திரும்ப மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

“திருடன்னா மோதிரத்தைக் கொண்டுபோயிருப்பான்” என்று அக்கா தொடங்கினாள். “கிண்டலுக்குன்னா யாராவது சிரிச்சிருப்பாங்க. இங்கே யாரும் சிரிக்கல. அப்போ மாத்தி வச்சவர், நீலம்தான் சரியான இடம்னு நம்பியிருக்கார்.”

“எப்படி நம்புவாங்க?” என்றாள் டாக்டர். “சிவப்புல இருந்தாத்தான் சிவப்புச் சீட்டும் பச்சைச் சீட்டும் பொய். நீலம் மட்டும் உண்மை.”

“புது விதிப்படி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. பழைய விதிப்படி ஒண்ணு மட்டும்தான் பொய். மோதிரம் நீலத்துல இருந்தா நீலச் சீட்டு மட்டும் பொய்யாகும், மத்த ரெண்டும் உண்மை. மாத்தினவருக்குப் புது விதி தெரியாது. அது தெரிஞ்ச அம்மாவும் சின்னவளும் வாயடைச்சுப் போனாங்க, ஏன்னா சிவப்பு சரின்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க தப்பாச் சொல்லிட்டீங்கன்னு நினைச்சு ஆறுதல் சொன்னது ஒரே ஒருத்தர். விதி சொல்லும்போது அவர் அடுப்படியில டீ போட்டுட்டு இருந்தார்.”

எல்லாரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். நாற்பது டன் லாரியை மலையேற்றி இறக்கிய மனிதர், பள்ளிக்கூடப் பையன்போல் எச்சில் விழுங்கினார்.

“ஐயையோ, அப்போ நீ சரியாத்தான் சொன்னியாம்மா?”

“அப்பா, நீங்களா!” என்று தம்பி அலறினான்.

“காலையில திறந்து பார்த்தேன்டா. மூடின டப்பாவை வச்சுட்டுச் சும்மா இருன்னா எப்படி? நீதான் தப்பான டப்பாவுல வச்சுட்டேன்னு நினைச்சேன். வழக்கமா நீ சொதப்புறவன்தானே!”

டாக்டர் அவரையே பார்த்தாள். “தப்புன்னா இவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. நீங்க ஏன் மாத்தி வச்சீங்க?”

“சொன்னா இவன் ஒரு மணி நேரம் வாதாடுவான். அதுக்குள்ள நீ வந்துடுவே. நீ சரியா விடை சொல்லிட்டு வெறும் டப்பாவைத் திறந்தா என் மனசு தாங்காதும்மா.”

“நான் சரியாச் சொல்வேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவரைக்கும் என்னை நீங்க பார்த்ததே இல்லையே.”

“இவனையே சகிச்சுக்கிற பொண்ணு” என்றார் அப்பா. “இந்தப் புதிர் எம்மாத்திரம்?”

முதலில் சிரித்தது சின்னவள். டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண் கலங்கச் சிரித்தபடி நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பி அவசரமாக மோதிரத்தை எடுத்து மறுபடி சிவப்பு டப்பாவுக்குள் போடப் போனான்.

“டப்பா வேண்டாம்” என்று டாக்டர் கையை நீட்டினாள். “நேரா விரல்ல போடுங்க. உங்க அப்பா மறுபடி மாத்தி வைக்கறதுக்குள்ள.”