அடி கருகாத தட்டு

கிங்ஸ்லி கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டால், அம்மாவிடமிருந்து போன் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அம்மா கிரேஸ் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆகஸ்டு மாதம் போனார். அன்றிலிருந்து ஆறு வயது கிங்ஸ்லி அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "ஏலே கிங்ஸ்லி, ஒரு தடவை முகத்தைக் காட்டுலே," என்று அம்மா கெஞ்சுவார். பதிலே வராது. பதினோரு வயது அக்கா ரீபாதான் பள்ளிக்கூடக் கதை எதையாவது சொல்லிச் சமாளிப்பாள். அந்தக் கதைகளும் தீர்ந்துகொண்டே வந்தன.

டிசம்பர் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு வாரமாக அடைமழை. தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கியது. ரீபா வீட்டு நட்சத்திரம் மட்டும் பரணிலேயே கிடந்தது. எடுத்துக் கட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு நாள் கிங்ஸ்லி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அக்கா, கருப்பட்டி பிஸ்கட் வேணும். கடைப் பிஸ்கட் இல்ல. அம்மா சுடுதது."

இந்த நான்கு மாதத்தில் அவனாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் அப்பா இஸ்ரவேல் மாவு பிசைந்தார். ரீபா உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் பொடித்தாள். வெண்ணெய், சுக்குப்பொடி எல்லாம் அம்மாவின் அளவுதான். அம்மாவின் கறுப்புத் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் வைத்தார்கள். மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடி கன்னங்கரேலென்று கருகியிருந்தது. அந்தத் தட்டை எந்த நிமிடத்தில் வெளியே எடுக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

ரீபா கரியைப் போக்கக் கம்பி நாரால் பரபரவென்று தேய்த்தாள். கரியோடு சேர்ந்து கறுப்புப் பூச்சும் செதில் செதிலாக உரிந்து வந்தது.

"ஏட்டி, இனி இதுல சுட்டா இந்தச் செதிலெல்லாம் வயித்துக்குள்ளல்லா போவும்," என்றார் அப்பா.

ரீபாவின் கண்கள் நிறைந்தன. "அம்மாவுக்குப் பிடிச்ச தட்டு. நான் கெடுத்துட்டேன். அவங்ககிட்ட சொல்லாதீங்கப்பா."

அப்பா ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்தார். அதில் சுட்டால் ஓரத்துப் பிஸ்கட் எல்லாம் கரி, நடுவில் இருந்தவை பச்சை மாவு.

அப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "பல் தேய்க்க நல்லாருக்கும்," என்றார்.

கிங்ஸ்லி சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் மழை சற்று வெறித்தது. மூவரும் காஜா முகைதீனின் பாத்திரக் கடைக்குப் போனார்கள்.

"பாய், பிஸ்கட் சுடுததுக்கு எந்தத் தட்டு நல்லது?" என்று கேட்டாள் ரீபா.

அவர் மூன்று தட்டுகளை எடுத்துப் போட்டார். பளபளக்கும் எவர்சில்வர், கறுப்புப் பூச்சுத் தட்டு, மங்கலான, கனமான அலுமினியம்.

"எவர்சில்வர்தான் எல்லாரும் வாங்குதாவ. முகமே தெரியும், பாரு."

"பிஸ்கட் எப்படி வரும்?"

அவர் தாடியைத் தடவினார். "நான் தட்டு விக்கவன் பிள்ள. பிஸ்கட் சுட்டுப் பாத்தது இல்ல."

ரீபா யோசித்தாள். காலையில் எவர்சில்வர் தட்டில் சூடு ஓரத்திலேயே நின்றுவிட்டது. நடுவுக்கு வரவே இல்லை. அப்படியானால் சூடு முழுக்கப் பரவுகிற தட்டு எது? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் கடைக்குள் அடுப்பு ஏது?

பக்கத்துக் கடையில் ஜூஸ் போடும் சத்தம் கேட்டது. ரீபா ஓடிப் போய் நான்கு ஐஸ் துண்டுகள் வாங்கி வந்தாள். மூன்றைத் தட்டுக்கு ஒன்றாக வைத்தாள். நான்காவது கிங்ஸ்லியின் வாய்க்குள் போனது.

"கடையை நனைக்காதம்மா," என்றார் காஜா முகைதீன்.

"கொஞ்சம் பொறுங்க பாய். தட்டுல இருக்க சூடு ஐஸ்கிட்ட ஓடி வந்தாத்தான் அது உருகும். எதுல சீக்கிரம் உருகுதோ, அதுல சூடு நல்லா ஓடுது."

எவர்சில்வரில் ஐஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கறுப்புத் தட்டில் லேசாகக் கசிந்தது. அலுமினியத்தில் மட்டும் துண்டு மளமளவென்று சுருங்கித் தண்ணீராகப் பரவியது.

"அக்கா! இதுதான்! இதுதான்!" என்று கத்தினான் கிங்ஸ்லி.

"இருபது வருசமா விக்கேன், இது எனக்கே தெரியாதே!" என்ற காஜா முகைதீன், இன்னொரு அலுமினியத் தட்டையும் நீட்டினார். ரீபா அதை அழுத்தினாள். டொப்பென்று நெளிந்தது.

"இது மெலிசு. சூட்டுல வளைஞ்சிரும். அந்தக் கனமானதே போதும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் மறுபடி மாவு பிசைந்தார்கள். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓவனுக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ரீபா தட்டை வெளியே எடுத்து, நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று எடுத்துத் திருப்பினாள். இரண்டும் ஒரே மாதிரி தேன் நிறம். கிங்ஸ்லி ஊதி ஊதி ஒன்றைத் தின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தான்.

அப்போது போன் அடித்தது.

"அம்மா, உங்க கறுப்புத் தட்டை நான் கெடுத்துட்டேன்," என்று ரீபா எடுத்தவுடனேயே சொல்லிவிட்டாள்.

"தட்டுதானே? போவுது, விடு. தம்பி சாப்பிட்டானா?"

ரீபா பதில் சொல்வதற்குள் ஒரு சின்னக் கை போனைப் பிடுங்கியது. கிங்ஸ்லி பிஸ்கட்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைத் திரைக்கு முன்னால் காட்டினான்.

அந்தப் பக்கம் அம்மாவின் முகம் திரையை நெருங்கி வந்தது. பிறகு குரல் வந்தது.

"கருகலையாலே?"

"கருகல," என்றான் கிங்ஸ்லி. "நீ எப்ப வருவே?"

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு, ராசா."

கிங்ஸ்லி தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டுகளைப் பார்த்தான். "அதுவரைக்கும் இது காணாது," என்றான். குரல் உடைந்தது. ஆனால் போனை மட்டும் விடவில்லை.

"தீர்ந்தா திரும்பச் சுடுவோம்," என்றாள் ரீபா.

அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகும்வரை அவன் பேசிக்கொண்டே இருந்தான். போன் அணைந்த பிறகும், அதன் சூடு ஆறும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தான்.