மைக்கை எங்கே வைக்கணும்?

என் வலது காது பிறந்ததிலிருந்தே லீவில் இருக்கிறது. இடது காதுதான், பாவம், இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறது.

அன்று எங்கள் அறையில் ஒரே ரகளை. இசைப் பள்ளியில் சேர, அண்ணன் கிட்டார் வாசித்துப் பதிவு செய்து, மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான். மாமா, தான் வேலை செய்யும் ஸ்டுடியோவிலிருந்து ஒரு மைக்கை இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணன் அதை ஸ்டாண்டில் மாட்டி, கிட்டாரின் வட்டத் துளையை உரசுகிற மாதிரி வைத்தான்.

வாசித்தான். பதிவைப் போட்டுக் கேட்டோம். தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல ஒரே கும் கும்!

"வேற இடத்துல வச்சுப் பாரேண்ணா."

"சத்தம் வர்ற ஓட்டையே இதுதான். உனக்கு ஒரு காதுதான் கேக்கும், பெருசா சொல்ல வந்துட்ட!"

எனக்குச் சுருக்கென்றது. வேறு நேரமாக இருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மணி நாலேகால். அண்ணன் கடிகாரத்தையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணா, மைக்குக்கு எத்தனை காது?"

திருதிருவென்று விழித்தான். "ஒண்ணுதான்."

"அப்ப அதுக்கு எங்க நல்லா கேக்கும்னு நான் கண்டுபிடிக்கிறேன். நீ வாசி."

வகுப்பிலும் பஸ்ஸிலும் எங்கே உட்கார்ந்தால் கேட்கும் என்று தேடுவதுதானே என் தினசரி வேலை!

மண்டிபோட்டு, இடது காதை நீட்டிக்கொண்டு நகர்ந்தேன். துளைக்கு எதிரே கும். கம்பிகள் முடியும் பக்கம் வெறும் கீச். கிட்டாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேரே, இரண்டு சாண் தள்ளி... அடடா! ஒவ்வொரு கம்பியும் தெளிவாகக் கேட்டது.

"இங்கதான்! என் காது இருக்கிற இடத்துல வை!"

"அசையாத, அசையாத!" அண்ணன் ஸ்டாண்டை இழுத்து வந்தான். அப்போது பார்த்துத்தான் எனக்கு மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

மறுபடி பதிவு செய்து கேட்டோம். கும் கும் போயே போச்சு! அண்ணன் இன்னொரு முறை போட்டுக் கேட்டான்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி," என்றான் மெல்ல.

"அதை அப்புறம் பேசலாம். முதல்ல அனுப்பு!"

ஐந்து அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினான்.

நாலாம் நாள் மின்னஞ்சலில் பதில் வந்தது. அண்ணனுக்கு இடம் கிடைத்துவிட்டது! அம்மா அவனைக் கட்டிக்கொண்டார். அதன் அடியில் ஒரு கேள்வி இருந்தது: 'பதிவு அருமை. செய்தது யார்?'

அண்ணன் பதிலைத் தட்டினான்: 'என் தங்கை. வயது பத்து.' பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஒலிப்பதிவாளர்னும் போடட்டுமா?"

"பின்னே, போடாம?" என்றேன்.