மீன் வாளிக்கு வழி விடுங்க!

ஷோமரியின் இடது காலணி கரியாக்கூவுக்குப் போய்விட்டது. ஷோமரி போகவில்லை.

அவன் ம்புயூனி நிறுத்தத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். கரியாக்கூ போகும் டாலாடாலா பேருந்து புகை விட்டபடி போய் மறைந்தது. அவன் படியில் கால் வைத்தபோது யாரோ பின்னால் இழுத்தார்கள், யாரோ முன்னால் தள்ளினார்கள். கடைசியில் அவன் கீழே விழுந்தான். காலணி உள்ளேயே தங்கிவிட்டது.

"அக்கா, என் ஷூ டிக்கெட் இல்லாம போகுது," என்றான். அவன் உதடு துடித்தது.

சௌமு அவன் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "பரவாயில்ல. அது சின்ன ஷூதானே, பாதி டிக்கெட்தான்," என்றாள்.

ஷோமரி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டான்.

உண்மையில் அந்தப் பாதி டிக்கெட்தான் தொல்லையே. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைவு. அதனால் தார் எஸ் சலாமில் பல நடத்துநர்களுக்குச் சீருடை போட்டவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் கூட்டம் விடாது. பேருந்துக்கு இருப்பது ஒரே ஒரு கதவு. அதில் பத்துப் பேர் இறங்கப் பார்ப்பார்கள், இருபது பேர் ஏறப் பார்ப்பார்கள். சிலர் ஜன்னல் வழியாகப் பையை வீசி இடம் பிடிப்பார்கள். இன்னும் சிலர் பையின் பின்னாலேயே ஜன்னலில் ஏறுவார்கள்.

அன்றும் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடக் கதவை மூடிவிட்டார்கள். தாமதமாக வந்தவர்கள் மைதானத்தைப் பெருக்க வேண்டும். ஒற்றைக் காலணியோடு ஷோமரியும் பெருக்கினான்.

மாலையில் அம்மா ரொட்டிக் கடை வேலை முடிந்து வந்தாள். ஷோமரியின் முழங்காலைப் பார்த்தாள். மருந்து தடவினாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"கிபாகாவுல சித்தி வீட்டுக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு. பேருந்தே ஏற வேணாம். நான் விடியறதுக்கு முன்னாடி வேலைக்குப் போயிடறேன். உங்களக் கூட்டிட்டுப் போக யாரும் இல்ல. சனிக்கிழமை சித்திய வரச் சொல்லியிருக்கேன். ஷோமரி அங்கயே படிக்கட்டும்."

"அக்காவும் வருவாளா?" என்றான் ஷோமரி.

"சித்தி வீட்டுல ஒரு ஆளுக்குத்தான்டா இடம் இருக்கு."

ஷோமரி அக்காவின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டான். தூங்கும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில் பேருந்து வந்தபோது, முன் கண்ணாடியில் ஒரு சிறிய கறுப்புக் காலணி தொங்கி ஆடியது.

"யாரோட கப்பல் இது? நேத்து என் வண்டியில கரை ஒதுங்குச்சு!" என்று படியில் தொங்கியபடி கத்தினான் நடத்துநர் அதுமானி.

"என்னோடது!" என்று குதித்தான் ஷோமரி.

அதற்குள் கூட்டம் கதவின் மேல் பாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் எல்லாருடைய குரலையும் அமுக்கியது.

"என்னை இறங்க விடுங்க! வாளி நிறைய மீன் இருக்கு! தள்ளினீங்க, எல்லாருக்கும் இங்கயே குளியல்தான்!"

அது மீன்காரி ஜேனா அம்மா. துறைமுகச் சந்தையில் மீன் வாங்கி வந்து ம்புயூனியில் விற்பவள். வாளியை நெஞ்சோடு அணைத்தபடி படியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கீழே வரும், கூட்டம் தள்ளும், கால் மேலே போகும். அவள் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது.

சௌமுவுக்குப் பாவமாக இருந்தது. "உபெண்டோ, என் கையைப் பிடி!" என்று தோழியைக் கூப்பிட்டாள். "எல்லாரும் கை கோத்துக்கங்க! இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை!"

அங்கே நின்ற பிள்ளைகள் பெரியவர்களின் இடுக்கில் புகுந்து கை கோத்தார்கள். கதவுக்கு நேராக நடுவில் ஓர் ஒடுக்கமான வழி உண்டானது.

"மீன் வாளிக்கு வழி விடுங்க!" என்று கீச்சுக் குரலில் கத்தினான் ஷோமரி.

சின்னப் பிள்ளைகளை இடித்துத் தள்ள யாருக்கும் மனம் வரவில்லை. மீன் தண்ணீரில் குளிக்கவும் யாருக்கும் ஆசை இல்லை. ஜேனா அம்மா இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் மளமளவென்று இறங்கினார்கள். உள்ளே இடம் காலியானது. வெளியே நின்றவர்கள் ஏறினார்கள்.

ஓட்டுநர் மூஸா தலையை வெளியே நீட்டினார். "என்னடா அதுமானி, அதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு? எல்லாரும் செத்துட்டாங்களா?"

"ஏறிட்டாங்கண்ணே!"

"நெசமாவா?"

அதுமானி வண்டியைத் தட்டப் போனவன் நின்றான். பிள்ளைகள் இன்னும் கீழேதான் இருந்தார்கள். கோத்த கைகளைக்கூட எடுக்கவில்லை.

"இன்னும் என்ன சிலை மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க, ஏறுங்க!"

பேருந்து ஓடும்போது அவன் ஷோமரிக்குக் காலணியைப் போட்டுவிட்டான். "ம்புயூனியிலதான் பாப்பா எங்க உயிர் போகும். இங்க தினமும் இன்னிக்கு மாதிரி ஏறி இறங்கினா, கூடுதலா ஒரு நடை ஓட்டலாம்," என்றான் சௌமுவிடம்.

சௌமு கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நாங்க தினமும் வழி போடறோம். நீங்க எங்களத் தினமும் ஏத்திக்கணும்."

"யார் யாரை?"

"சீருடை போட்ட எல்லாரையும்."

மூஸா முன்னாலிருந்து சிரித்தார். "அதுமானி, அந்தப் பொண்ணு உன்னைவிட நல்லா பேரம் பேசுது!"

"சரி பாப்பா. ஆனா கூட்டம் உன் பேச்சக் கேக்கணும், ஆமா," என்றான் அதுமானி.

புதன்கிழமை கூட்டம் கேட்கவில்லை.

பிள்ளைகள் சீக்கிரமே வந்து, இரண்டு வரிசையாகக் கை கோத்து அழகாக நின்றார்கள். பேருந்து வந்தது. அவர்களைத் தாண்டிப் போய், பழக்கடைக்கு முன்னால் நின்றது. எல்லாரும் அங்கே ஓடினார்கள். பிள்ளைகளின் அழகான வழி, வெறும் புழுதிக்குப் போகும் வழியாக ஆகிவிட்டது.

கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஜன்னலில் ஏறினார். தலை உள்ளே போனது. தோள் போனது. வயிறு போகவில்லை.

"இழுங்க! இழுங்க!" என்று உள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"எந்தப் பக்கம்யா இழுக்கறது?" என்றார் கீழே நின்ற ஒருவர்.

அவரை வெளியே எடுப்பதற்குள் மூஸா நான்கு முறை ஹாரன் அடித்துவிட்டார். படியில் கால் வைக்கவும் இடமில்லாமல் பேருந்து கிளம்பியது. "நாளைக்குப் பாக்கலாம் பாப்பா!" என்று அதுமானி கத்தினான். அவனும் வாசலில் பாதிதான் உள்ளே இருந்தான்.

மறுபடி மைதானம் பெருக்கும் வேலை. உபெண்டோ தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "இது நடக்காது சௌமு. பெரியவங்க நம்ம பேச்ச எதுக்குக் கேக்கப் போறாங்க?"

சௌமு பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மைதானத்தின் ஓரத்தில் பிள்ளைகள் கஞ்சிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் பசி. ஆனாலும் யாரும் ஓடவில்லை, இடிக்கவில்லை.

"உபெண்டோ, கஞ்சிக்கு மட்டும் ஏன் நாம ஒழுங்கா நிக்கிறோம்?"

"டீச்சர் கரண்டியால அடிப்பாங்க."

"அதுமட்டுமில்ல. கஞ்சிப் பானை எங்கயும் ஓடாது! எங்க இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பேருந்து ஒருநாள் இங்க நிக்குது, ஒருநாள் அங்க நிக்குது. அதனாலதான் எல்லாரும் பின்னால ஓடறாங்க."

உபெண்டோ துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பேருந்தைப் பானை ஆக்கணும்கறியா?"

"ஆமா!"

அன்று மாலை ஜேனா அம்மா தன் கடைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். சௌமு போய், பேருந்து நிற்க வேண்டிய இடத்தைக் கோடு போட்டுக் காட்டப் போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை சித்தி வரப்போவதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஜேனா அம்மா பக்கத்தில் நின்ற ஷோமரியைப் பார்த்தாள். "இந்தக் குட்டியையா அனுப்பப் போறாங்க? எனக்கு வழி கேட்டுக் கத்தின குட்டியையா? இந்தா, மிச்சச் சுண்ணாம்பு மொத்தமும் உனக்குத்தான். தூரிகையையும் எடுத்துக்க."

பிள்ளைகள் நிறுத்தத்தில் கோடு போட்டார்கள். பேருந்துக் கதவு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கட்டம். அதன் இரண்டு பக்கமும் ஏறுபவர்கள் நிற்க நீளக் கோடுகள். நடுவில் இறங்குபவர்களுக்கு வழி.

"இது இறங்கற வழின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் உபெண்டோ.

அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஷோமரி காலணிகளைக் கழற்றிவிட்டுச் சுண்ணாம்பு வாளிக்குள் கால் வைத்தான். கட்டத்திலிருந்து சாலையோரம்வரை தத்தித் தத்தி நடந்தான். கறுத்த தரையில் வெள்ளைக் காலடிகள் வரிசையாக விழுந்தன.

"இப்போ தெரியும்," என்றான்.

வியாழக்கிழமை காலையில் சௌமு முந்தின நிறுத்தத்துக்கே ஓடிப்போய் அதுமானியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதே பேருந்தில் திரும்பி வந்தாள்.

"கட்டத்துக்கு நேரா கதவு நிக்கணும் மாமா. உங்களால முடியுமா?" என்று மூஸாவிடம் கேட்டாள்.

"முடியுமாவா? தலை நரைக்கிற வரைக்கும் வண்டி ஓட்டியிருக்கேன். ஒரு கட்டத்துக்கு நேரா நிறுத்த முடியாதா?"

நிறுத்தினார். கட்டம் பின்சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "பின்னால வாங்க! இன்னும்! போதும்! ஐயோ, கொஞ்சம் முன்னால!" என்று ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். மூஸா நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார். கதவு கட்டத்துக்கு நேராக வந்ததும் கைதட்டல் எழுந்தது.

இவ்வளவு நேரம் வழி சொன்னவர்களுக்கு, கோட்டைத் தாண்டி ஓட வெட்கமாக இருந்தது. போதாக்குறைக்கு ஜேனா அம்மா முதல் ஆளாக இறங்கி, வாளியோடு அங்கேயே நின்றுகொண்டாள்.

"யாரு முந்தறதுன்னு பாக்கறேன். இன்னிக்கு வாளியில மத்தி மீன். வாசம் சட்டையை விட்டு ஒரு வாரம் போகாது."

யாரும் முந்தவில்லை. காலடிகளின் மேலே இறங்கினார்கள், கோடுகளின் வழியே ஏறினார்கள். கோடு போட்ட சட்டைக்காரரும் கதவு வழியாகவே ஏறினார். அதுமானி சொன்ன சொல் தவறவில்லை. சீருடை போட்ட எல்லாரையும் ஏற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மற்றப் பேருந்துகளும் கட்டத்துக்கு நேராக நிற்கத் தொடங்கின. வேறு எங்கே நிற்கும்? பயணிகள் எல்லாரும் அங்கேதானே நிற்கிறார்கள்!

சனிக்கிழமை சிகுதானி சித்தி வந்தாள்.

ம்புயூனியில் இறங்குவது எப்படி என்று சித்திக்கு நன்றாகத் தெரியும். போன முறை இங்கேதான் ஒரு காதுத் தோட்டைத் தொலைத்தாள். அதனால் பேருந்து நிற்பதற்கு முன்பே முக்காட்டை இறுக்கிக் கட்டினாள். கூடையை அணைத்தாள். இரண்டு முழங்கைகளையும் வெளியே நீட்டிக்கொண்டு, "வழி விடுங்கடா! வந்தேன்னா இடிச்சுத் தள்ளிருவேன்!" என்று முழங்கியபடி வாசலுக்கு வந்தாள்.

எதிரே யாருமே இல்லை. இரண்டு பக்கமும் மக்கள் அமைதியாக வரிசையில் நின்று அவளையே பார்த்தார்கள்.

சித்தி முழங்கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க," என்று முணுமுணுத்துவிட்டு, இறங்கி, வெள்ளைக் காலடிகளின் மேல் ஒவ்வொரு அடியாக, கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள்.

சௌமுவும் ஷோமரியும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள்.

"இது ம்புயூனிதானா? இல்ல, வேற ஊர்ல இறக்கி விட்டுட்டாங்களா?" என்றாள் சித்தி.

"எங்க ஊர்தான் சித்தி! அந்தக் காலடி என்னோடது!" என்றான் ஷோமரி.

வீட்டில் ஷோமரியின் பை கட்டித் தயாராக இருந்தது. சித்தி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் பிள்ளைங்க நேரத்துக்குப் போயிட்டாங்க," என்றாள் அம்மா. "ஆனா சுண்ணாம்பு எத்தன நாளைக்கு நிக்கும்? ஒரு மழை பெஞ்சா எல்லாம் போயிரும்."

"மழை பெஞ்சா மறுபடி போடுவோம்மா," என்றாள் சௌமு.

"மறுபடியும் பெஞ்சா?"

"மறுபடியும் போடுவோம்."

அம்மா மகளின் கையை எடுத்துப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. விரல் நுனிகள் வெந்து உரிந்திருந்தன. அவற்றைத் தன் கன்னத்தில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து ஷோமரியின் சட்டைகளை எடுத்து மறுபடியும் அலமாரியில் அடுக்கினாள்.

ஷோமரி மூச்சு விடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சட்டையும் போனபிறகுதான், "அம்மா!" என்று அவள் முதுகில் தாவி ஏறினான்.

"அடேய், கழுத்து! கழுத்து!"

"நல்லவேளை," என்றாள் சித்தி. "இவன் சாப்பிடற சாப்பாட்டுக்கு நான் ஒரு ஆடு வாங்க வேண்டியிருந்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சித்தியை வழியனுப்ப நிறுத்தத்துக்கு வந்தார்கள். சித்தி வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பேருந்து வந்தது. அப்போது நீலச் சட்டை போட்ட ஒருவன் பக்கவாட்டில் மெல்ல நுழைந்தான்.

"ஏய் தம்பி! இங்க நிக்கிறவங்கள்லாம் பொம்மையா? பின்னால போ!" என்று சித்தி வரிசையைவிட்டு வெளியே வந்தாள். "ஐயா, நீங்க கோட்டுக்கு உள்ள வாங்க. அம்மா, குழந்தையோட இருக்கறவங்க முன்னால போங்க. முதல்ல இறங்கறவங்க இறங்கட்டும்!"

இறங்குபவர்கள் இறங்கினார்கள். ஏறுபவர்கள் ஏறினார்கள். அதுமானி வண்டியைத் தட்டினான். பேருந்து கிளம்பியது.

"சித்தி!" என்று ஷோமரி அவள் முக்காட்டை இழுத்தான். "உங்க பேருந்து போயிருச்சு!"

சித்தி ஒரு நொடி திகைத்து அதைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"போகட்டும், அடுத்தது வரும். ஏய், நீலச் சட்டை! இன்னும் ஒரு அடி பின்னால போ!"