மேடு ஏறாத பிக்கப்

"பிணம்!"

விறகு பொறுக்கப் போன முத்துராணி போட்ட கூச்சல் பாபநாசத்து மலையடிவாரம் வரைக்கும் கேட்டது.

மலைப்பாதை மேட்டில் ஒரு பழைய பிக்கப். பின்னால், வாழைச்சருகுக்கு அடியில், வாழைக்காய் வியாபாரி அம்பலவாணன்... மண்டை பிளந்திருந்தது!

மத்தியானத்துக்குள் அவருடைய டிரைவர் இசக்கிமுருகனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அந்த வண்டியை அவன்தானே ஓட்டுவான்?

அம்பலவாணனின் தம்பி வன்னியராஜ் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். நன்றாகவே அழுதான். அண்ணனைக் கொன்றவனே அவன்தான் என்றால் யார் நம்புவார்கள்? தோப்பு இனி அவனுக்கு. மாட்டாமல் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். தனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது என்று போலீசிடம் சத்தியம் பண்ணியிருந்தான். திசையன்விளையில் மாமனார் வண்டியில் பழகியது இங்கே யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் சிவசண்முகம் அவனை அடிவாரத்துக்கு வரவழைத்தார். பிக்கப்பைக் கீழே இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அவரே ஏறி உட்கார்ந்தார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். டாப் கியர். கிளட்சைப் பைய விட்டார்.

கிளட்ச் சரியாக இருந்தால் இன்ஜின் திக்கி நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை! சும்மா உறுமிக்கொண்டே இருந்தது.

"கிளட்ச் வழுக்குதுவே."

முதல் கியரில் மேட்டுக்கு விட்டார். இன்ஜின் அலறியது... கருகல் நாற்றம் வந்தது... வண்டி இரண்டு முழம் ஏறிப் பின்னால் சரிந்தது.

இன்ஸ்பெக்டர் இறங்கி வன்னியராஜைப் பார்த்தார்.

"இது மேடு ஏறாது. அப்போ எவனோ கட்டி இழுத்திருக்கான். ஊர்ல ஆள் வச்சு டிராக்டர் ஓட்டுறது நீர் ஒருத்தர்தானவே?"

செத்தோம்!

வாய் முந்திக்கொண்டது. "டிராக்டர் எதுக்கு சார்? ரிவர்ஸ் போட்டா ஏறும். ரிவர்ஸ்ல இழுவை ஜாஸ்தில்லா. இசக்கி அப்படித்தான் ஏத்தியிருப்பான்."

"ரிவர்ஸ்லதான் ஏறியிருக்கு. டயர் தடம் அப்படித்தான் இருக்கு."

அப்பாடா... வன்னியராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இசக்கிமுருகனை இறக்கி, விலங்கைக் கழற்றி, வண்டியை மேடேற்றச் சொன்னார்.

அவன் ரிவர்ஸைத் தொடவே இல்லை!

வண்டிக்கு அடியில் படுத்தான். கிளட்ச் கேபிள் நட்டைத் தளர்த்தினான். கேபிள் விறைப்பாக இருந்தால் பிளேட் கவ்வாது, வழுக்கும் என்றான். ஊருக்குள் கியர் லேசாக விழுவதற்காக முறுக்கி வைப்பானாம். மலை ஏறும் முன் தளர்த்திக்கொள்வானாம். கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். முதல் கியரைப் போட்டான்.

வண்டி நேராக, ஜம்மென்று ஏறியது!

"இவன்னா இப்படித்தான் ஏத்தியிருப்பான். நட்டு விஷயம் தெரியாதவன்தான் ரிவர்ஸ் போட்டிருக்கான்." இன்ஸ்பெக்டர் வன்னியராஜ் பக்கம் திரும்பினார். "ஸ்டியரிங்கே பிடிக்கத் தெரியாத உமக்கு, ரிவர்ஸ்ல இழுவை ஜாஸ்தின்னு எவன்வே சொன்னான்?"

வன்னியராஜ் ஓடப் பார்த்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் தோளை அமுக்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும்வே. நம்ம ஜீப்புல ரிவர்ஸே விழாது... பாளையங்கோட்டை ஜெயில் வரைக்கும் நேராத்தான் போகும்!"