கையில் கிடைத்த புண்ணியவான்

"ரத்தப் பரிசோதனை மெஷினோட பேசறதுக்குன்னு ஒரு பழைய புரோகிராமாம்... அதை எழுதின புண்ணியவான் மட்டும் என் கையில கிடைக்கட்டும்டி, என்ன பண்றேன்னு பாரு!"

ஆஸ்பத்திரி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று, போனில் தோழியிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள் அவள்.

"என்ன பண்ணுவீங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி... அதற்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்...

"ஒட்டுக் கேக்கறது நல்ல பழக்கமாங்க?"

"நீங்க போட்ட சத்தம் எதிர் கட்டடம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் புண்ணியவான் நான்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இவன்... அண்ணனோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தவன். கம்பெனியின் பழைய புரோகிராம்களை எழுதிவிட்டு, பெரிய சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவன். படிப்புக்காக வெளியூரில் இருந்ததால் அவள் அவனைப் பார்த்ததேயில்லை. ஆனால் இவன் பேச்சை எடுத்தாலே அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான் என்பது தெரியும்.

தான் யார் என்று அவள் சொன்னதும் அவன் சிரிப்பும் அணைந்தது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை. அந்தப் பழைய புரோகிராமை நம்பி அவள் எழுதிய, அண்ணன் கம்பெனியின் புது அப்ளிகேஷன் இன்றுதான் இங்கே லேபில் ஆரம்பம். அவள் லேப்டாப்பில் குதிரையாக ஓடியது, லேபின் புதுக் கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய கம்ப்யூட்டரோ காலையில் உயிரை விட்டுவிட்டது. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் ரிசல்ட்டையெல்லாம் லேப் அம்மா மெஷினைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார். 'ஒரு நம்பர் மாறினா யாரும்மா பதில் சொல்றது?' என்று அவளிடமே கேட்டுவிட்டார்.

"ப்ளீஸ்... ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"எங்கம்மா ரிசல்ட்டும் அதுக்குள்ளதான் மாட்டியிருக்கு. வர்றேன். ஆனா உங்க அண்ணனுக்குத் தெரியாம திருட்டுத்தனமா வரமாட்டேன்."

ரோஷத்தைப் பார்! அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா... அந்தப் பழைய புரோகிராமை எழுதினவர் அவங்கம்மாவுக்காக இங்க வந்திருக்கார். உள்ளே கூட்டிட்டுப் போறேன்."

"யாரைக் கேட்டு?"

"கேக்கலைண்ணா... சொல்றேன்."

போன் கட்டாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் என்ன நடக்குமோ... "வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

லேபில் திரையைப் பார்த்ததுமே அவன் தலையாட்டினான். "உங்க லேப்டாப்ல என் பழைய புரோகிராமை யாரோ எப்பவோ பதிவு பண்ணியிருக்காங்க. இந்தப் புதுக் கம்ப்யூட்டருக்கு இது யாருன்னே தெரியாது."

"பதிவு பண்ணத்தான் பார்த்தேன். அனுமதி இல்லைங்குது."

"வேண்டாம். உங்க அப்ளிகேஷன் ஃபோல்டருக்குள்ளேயே இதைச் சேர்த்து வெச்சிடலாம். இது யாரு, எங்க இருக்குன்னு ஒரு சின்ன ஃபைல்ல எழுதிட்டாப் போதும். அப்ளிகேஷனே படிச்சுக் கூப்பிட்டுக்கும்."

"பதிவு பண்ணாமலே கூட வெச்சுக்கறதா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது... நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் காது சிவந்தது. லேப் அம்மா வேண்டுமென்றே இருமினார்.

எழுதினான். ஓட்டினாள். மறுபடியும் பிழை! அவன் முகமே வெளிறியது.

"பொறுங்க... புதுக் கம்ப்யூட்டராச்சேன்னு என் அப்ளிகேஷனை இங்கே மட்டும் அறுபத்துநாலு பிட்ல கட்டியிருக்கேன். உங்க புரோகிராம் முப்பத்திரண்டு பிட் ஆச்சே, ரெண்டும் ஒட்டாது!"

மாற்றிக் கட்டினாள். திறந்தாள். திரையில் ஒவ்வொன்றாக ரிசல்ட் விழ ஆரம்பித்தது. லேப் அம்மா, தான் எழுதியதோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்தார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

நிமிர்ந்தால்... கதவருகே அண்ணன். சட்டையெல்லாம் மழை.

அண்ணன் அவனையே பார்த்தான். "அம்மாவுக்கு என்னடா?"

"பயப்பட ஒண்ணுமில்ல... ரிசல்ட் நல்லபடியா வந்திருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதன்பின் மிச்சமிருந்த பழைய புரோகிராம்களையும் சேர்த்துக் கட்ட அவன் அடிக்கடி ஆபீசுக்கு வந்தான். அவள் கண்கள் வாசலையே பார்க்கப் பழகிக்கொண்டன. வேலை முடிந்த அன்று, பழையபடி பார்ட்னராகச் சேரும்படி அண்ணன் கேட்டான். அவன் மறுத்துவிட்டான்!

பதறிப்போய் மாடிப்படியில் வழிமறித்தாள். "இன்னும் கோபமா? திரும்ப வரவே மாட்டீங்களா?"

"கோபமில்லைங்க... அவனைப் பார்ட்னர்னு கூப்பிட எனக்கு இஷ்டமில்ல."

"பின்னே?"

"மச்சான்னு கூப்பிடணும்னு ஆசை..."

படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். "அதை... என்கிட்டயில்ல முதல்ல கேக்கணும்?"

"கேட்டுட்டேனே. சீக்கிரம் சொல்லிடுங்க... பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்? இத்தனை நாளா, வேலை முடிஞ்சதும் போயிடுவீங்களோன்னு பயந்துகிட்டே இருந்தேன்..." கண் நிறைந்துவிட்டது. "எனக்கு உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."