தோள்பலகை

மின்சாரம் போன பிறகும் விசிறி நிற்கவில்லை.

சிவகாமி திருப்புளியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூறாவளிக்கு மூன்றாம் எச்சரிக்கை கொடுத்துவிட்டதால் அவள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலை மூடியிருந்தது. தீவின் மேட்டுநகரமான கியூர்பிப்பின் மழை, மூட்டை மூட்டையாய் அரிசி கொட்டுவதுபோல் தகரக் கூரைமேல் இறங்க, பலகை அடித்த ஜன்னல்களுக்கு உள்ளே பட்டப்பகலிலேயே வீடு மெழுகுவத்தி மஞ்சளில் மங்கிக் கிடந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், அவள் கையால் செய்த மரப்பெட்டிக்குள், கணினியின் சின்ன விசிறி இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது.

ஓடின வேகம், தானே அடங்கும் என்று நினைத்தாள். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். அடங்கவில்லை.

தொழிற்சாலை அலுவலகத்தில் தூக்கிப் போட்ட கணினி அது. உறை முழுக்கத் துரு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இருந்தவற்றை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். புதுப் பெட்டிக்கு மரம் அப்பாவுடையது. தைப்பூசத்துக்கென்று அப்பா முனிசாமி இழைத்து, காப்புக் கயிறு கட்டி, தூக்குவதற்கு முன்பே அவர் செத்துப்போக, அப்படியே நின்றுவிட்ட காவடி. காப்புக் கட்டிய காவடியைத் தூக்க வேண்டும்; ஆள் இல்லையென்றால் ஆற்றில் விட வேண்டும். அவளோ மஞ்சள் கயிற்றைத் தையல் கத்தரியால் வெட்டிப் போட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தாள். வளைவு பெட்டியின் முகப்பாயிற்று. தோள்பலகை பின்பக்கமாயிற்று. கழுத்து பதிய அப்பா அரைவட்டமாகக் குடைந்திருந்த பள்ளத்தை அவள் முழுவட்டமாக அறுத்து, அதில் விசிறியைப் பொருத்தினாள்.

"தீஃபி!" அடுக்களையிலிருந்து, மகளைச் சின்னப் பெண்ணே என்று கிரியோலில் கூப்பிடும் அம்மா கோவிந்தம்மாவின் குரல். "அங்க பால் வச்சியா? புளிச்ச வாடை வருது."

"பால்மா டின்னே காலி. பாலுக்கு எங்க போறது?"

அம்மா கதவோரம் வந்து நின்றாள். பெட்டியைப் பார்க்காமல் பேசினாள். "நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கிட்டா அவனுக்கு வயரைத்தான் வதக்கிப் போடுவே."

"உப்பு போட்டு வதக்குறேன், போ."

அம்மா சிரிக்கவில்லை. "காவடிய ஆத்துல விட்டாச்சுன்னு கோயில்ல பொய் சொல்லிட்டேன். அயோ, இப்பவாவது குடுத்துரு. உங்கப்பா கேக்குறாரு."

"கேக்கட்டும். பள்ளிக்கூடம் போறேன்னு நானுந்தான் அழுது கேட்டேன். குடுத்தாரா? மெஷின்ல உக்கார வச்சாரு. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்மா. குடுக்க மாட்டேன்."

அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சாமி அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சிவகாமி பக்கப் பலகையை வைத்து முடுக்கினாள். மரம் முனகியது. பாரம் ஏறிய தோள் முனகுவதுபோல். திருகாணித் துளையிலிருந்து வெள்ளையாய் ஏதோ கசிந்து மேசைவரை வழிந்தது. தொட்டாள். திரிந்த பால். காவடியில் கட்டும் செம்பில் பால் திரிந்தால் விரதத்தில் குறை என்பார்கள்.

"விரதம் உங்களுது," என்றாள் மரத்திடம். "எனக்கென்ன?"

சட்டைக் கையால் துடைத்துவிட்டு அடுத்த திருகாணியை முடுக்கினாள்.

கொல்லைக் கதவுப் பக்கம் ஈரக் காலடி. செருப்பில்லாத கால். ஒரு அடி. நிற்கும். இன்னொரு அடி. தைமாதத்துத் தார்ச்சாலையில் காவடி தூக்கினவர்கள் நடக்கும் நடை. கற்பூரம் மணத்தது.

காற்று புகுந்து சுடர் படுத்தது. எழுந்தது.

மேசையில் பெட்டி இல்லை.

கணினித் திரை மட்டும் இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட கேபிள் மேசைமேல் கிடக்கவில்லை. மேலே ஏறி, அவள் காதோரம் உரசி, முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. விறைப்பாக.

பிடரியில் காற்று. இழுத்தது. விட்டது.

அவள் திரும்பவில்லை. கேபிளைப் பற்றி மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்று.

"என் பெட்டி," என்றாள். "நான் செஞ்சது."

இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஆறு இருக்கும் பக்கம். தோல் உரிந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து, இன்னும் பலமாக இழுத்தாள். பிடியை விடவில்லை.

அணைந்த திரையின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதற்கு மேலே பெட்டி. அதைச் சுமந்த இரண்டு ஈரத் தோள்கள். விசிறிக்கென்று அவள் முழுவட்டமாய் அறுத்த துளையில் ஒரு கழுத்து நுழைந்திருந்தது.

அந்தக் கழுத்து விசிறி போலச் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல. நிற்காமல்.